மந்திரவாதியின் அங்கிக்கு எந்த உத்தி?

என் மேஜையில் ஒரு குட்டி மந்திரவாதிப் பொம்மை மூன்று வாரமாக நிற்கிறது. வண்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சான பிரைமர் அடித்தாயிற்று, அதற்கு மேல் ஒரு துளி வண்ணம் ஏறவில்லை. அகலமான அங்கி, ஒரு தோளில் மட்டும் இரும்புக் கவசம், கையில் விளக்குத் தொங்கும் கோல், இடுப்பில் நாலைந்து தோல் பைகள், காலடியில் பாறை. இத்தனையும் 32 மில்லிமீட்டர் உயரத்துக்குள். சிற்பி ஆசைப்பட்டுச் செதுக்கிவிட்டார். தீட்டுகிறவன் பாடுதான் திண்டாட்டம்.

இதுவரை என் பொம்மைகள் எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான். அடிவண்ணம், அதன்மேல் பழுப்பு வாஷ் (பள்ளங்களில் ஓடி இறங்கும் நீர்த்த வண்ணம்), காய்ந்ததும் மேடான இடங்களில் கொஞ்சம் வெளிர்நிறம். கை பழகிய வழி, பெரிதாகத் தப்பு வராது. ஆனால் அலமாரியில் முப்பது பொம்மைகள் சேர்ந்த பிறகு தள்ளி நின்று பார்த்தால் அரசன், அரக்கன், தேவதை எல்லாரும் ஒரே குட்டையில் புரண்டு எழுந்து வந்த மாதிரி இருக்கிறார்கள். இந்த மந்திரவாதியிலாவது புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். எதை என்பதில்தான் மூன்று வாரம் போய்விட்டது.

புதிய உத்தி தேடும்போது முடிந்த பொம்மையின் படத்தைப் பார்த்து மயங்குவது எல்லாருக்கும் உள்ள வழக்கம். அப்படி மயங்கித்தான் நான் இரண்டு பொம்மைகளைப் பாழாக்கினேன். இப்போது ஒரு உத்தியைப் பற்றி நான் முதலில் கேட்பது இதுதான்: இது கெட்டால் எப்படிக் கெடும், கெட்டதிலிருந்து எவ்வளவு தூரம் திரும்பி வரலாம்?

அக்ரிலிக் வண்ணத்தில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். அதிலுள்ள நீர் ஆவியானதும் பிணைப்புப் பொருளின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். அப்புறம் தண்ணீரில் கரையாது. ஈரமாக இருக்கும் அந்தச் சிறிது நேரத்துக்குள் துடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் மேலே பூசித்தான் மறைக்க வேண்டும். நாலு தடவை மறைத்தால் முகத்தில் மூக்கு காணாமல் போகும். எல்லாம் கைமீறினால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மொட்டையாக்கி மறுபடி தொடங்கலாம். பிளாஸ்டிக், உலோகப் பொம்மைகள் பொதுவாக இதைத் தாங்கும். ரெசின் என்றால் அடிப்பக்கம் ஒரு மூலையில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். அசிட்டோன் பக்கம் மட்டும் போகவே வேண்டாம், பாலிஸ்டைரீன் பொம்மை கூழாகிவிடும்.

வேகம் வேண்டுமென்றால்

முதலில் மனதில் வந்தது காண்ட்ராஸ்ட் வகை வண்ணங்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற பொம்மை நிறுவனம் 2019-இல் சிட்டாடல் காண்ட்ராஸ்ட் என்று வெளியிட்டது. ஆர்மி பெயின்ட்டர் என்ற வண்ண நிறுவனத்தின் ஸ்பீட்பெயின்ட் 2022-இல் வந்தது. இந்த வண்ணம் மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஒரே பூச்சில் மேடு வெளுப்பாகவும் பள்ளம் அடர்த்தியாகவும் காய்வதால் நிழலும் வெளிச்சமும் தானாக வந்துவிடும். இதையே கொஞ்சம் வளர்த்ததுதான் ஸ்லாப்சாப். கறுப்புப் பிரைமர், அதன்மேல் சாம்பல் நிறத்தில் டிரைபிரஷ் (வண்ணத்தைத் துடைத்துவிட்ட, ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் தேய்ப்பது), மேடுகளில் வெள்ளை டிரைபிரஷ், கடைசியில் அடிநிறம் ஊடுருவித் தெரியும் இந்த வண்ணங்கள். பெயர் புதிது, சங்கதி பழையது. சாம்பலில் ஒளி நிழலை முடித்துவிட்டு அதன்மேல் நிறத்தை மெல்லியதாக ஏற்றுவதை ஐரோப்பிய எண்ணெய் ஓவியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறார்கள்.

தோல் பை, ரோமம், சங்கிலிக் கவசம், மரப்பட்டை மாதிரி சொரசொரப்பான இடங்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. இருபது போர்வீரர்களை அடுத்த வாரம் விளையாட்டு மேஜையில் நிறுத்த வேண்டும் என்றால் யோசிக்காமல் இதை எடுங்கள்.

என் மந்திரவாதிக்கு இருப்பதோ வழவழப்பான அகன்ற அங்கி. அங்கே டிரைபிரஷ் சுண்ணாம்பு தேய்த்த மாதிரி பொடிப்பொடியாகத் தெரியும். காண்ட்ராஸ்ட் வண்ணமும் பிடிக்கப் பள்ளம் இல்லாமல் இஷ்டத்துக்குத் தேங்கி, ஓரங்களில் நீர்க்கறை வளையம் போட்டுக் காயும். அதைத் திருத்துவது இன்னும் தொல்லை. சாதாரண அக்ரிலிக்கில் ஒரு புள்ளி பிசகினால் அதே நிறத்தைத் தொட்டு மூடிவிடலாம். இதில் அதே நிறத்தைத் தொட்டு வைத்தால் அந்த இடம் மட்டும் இரட்டிப்பு அடர்த்தியாகிக் காட்டிக்கொடுக்கும். திரும்ப வர வேண்டுமென்றால் கீழே உள்ள வெள்ளையையே மறுபடி தீட்ட வேண்டும். வேகமான உத்தி என்பார்கள். முன்னே போகும்போதுதான் வேகம்.

பைகளுக்கு இது, அங்கிக்கு வேறு என்று அப்போதே முடிவாகிவிட்டது.

அங்கி: ஈரத்தில் கலப்பதா, படலம் படலமாக ஏற்றுவதா

இங்கேதான் எனக்கு உண்மையான குழப்பம். நீல அங்கி, மடிப்பின் உள்ளே ஏறக்குறைய கறுப்பு, மேலே வெளிர் நீலம். இடையில் எங்கே ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. இதற்கு இரண்டு பெரிய வழிகள், வெட் பிளெண்டிங்கும் கிளேசிங்கும்.

வெட் பிளெண்டிங்கில் இரண்டு நிறங்களையும் ஈரமாகவே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லைக்கோட்டில் பிரஷ்ஷை முன்னும் பின்னும் ஓட்டிக் கலக்கிவிடுவோம். சரியாக அமைந்தால் பத்து நிமிடத்தில் ஒரு மடிப்பு முடிந்துவிடும். அந்த அழகுக்காகவே பலர் இதில் விழுகிறார்கள். சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. இந்த அளவுப் பரப்பில் மெல்லிய அக்ரிலிக் ஓரிரு நிமிடத்தில் இறுகத் தொடங்கும். முழுதாகக் காய்ந்தாலும் பரவாயில்லை, பாதி காய்ந்த நிலைதான் ஆபத்து. அப்போது பிரஷ் வைத்தால் படலம் தோல் உரிவது போல் பிய்ந்து வரும், அடியில் பிரைமர் பல்லிளிக்கும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் திரவம் ஒரு சொட்டு சேர்க்கலாம். வெட் பேலட் வைத்துக்கொள்வது அதைவிட முக்கியம். மூடியுள்ள பெட்டியில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன்மேல் பட்டர் பேப்பர், அவ்வளவுதான் சாமான். கலந்து வைத்த நிறம் மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஆனால் அது தட்டில் இருக்கும் வண்ணத்தைத்தான் காக்கும், பொம்மைமேல் இருப்பதை அல்ல. அங்கே உங்கள் கையும் கடிகாரமும் மட்டுமே.

கிளேசிங் இதற்கு நேர் எதிர். வண்ணத்தைப் பல மடங்கு மீடியம் சேர்த்து, நிறம் ஏறியதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லியதாக்க வேண்டும். தொட்ட பிரஷ்ஷைக் காகிதத்தில் ஒற்றி ஈரத்தைக் குறைத்த பிறகுதான் பொம்மையில் வைக்க வேண்டும். அப்புறம் காயும்வரை காத்திருந்து அடுத்த பூச்சு. பத்து, பன்னிரண்டு பூச்சு சாதாரணம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இது தெரியாமல் நான் பல மாதம் வீணாக்கினேன். பிரஷ்ஷை எந்தப் பக்கம் இழுத்து எடுக்கிறோமோ, அந்த முடிவில்தான் நிறம் அதிகம் தங்கும். நிழல் நிறமானால் வெளிச்சத்திலிருந்து நிழலை நோக்கி இழுத்து மடிப்பின் ஆழத்தில் கையை எடுக்க வேண்டும். நான் தலைகீழாக இழுத்துக்கொண்டு, நிழல் ஏன் மேட்டில் ஏறுகிறது என்று பிரஷ்ஷைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மெல்லியதாக்க வெறும் தண்ணீர் போதாதா என்றால், கொஞ்சம் வரை போதும். தண்ணீர் அளவு மீறினால் நிறமியைப் பிடித்து வைக்கும் பிணைப்பு பலவீனமாகி, திட்டும் வளையமுமாகக் காயும். மீடியம் என்பது நிறமி இல்லாத வண்ணம்தான், அதனால் எவ்வளவு சேர்த்தாலும் படலம் உறுதியாக இருக்கும். இன்னொன்று, டைட்டானியம் வெள்ளை மறைக்கும் சக்தி மிகுந்த நிறமி. அது கலந்த வெளிர்நிறத்தை கிளேஸாக ஏற்றினால் பால் தெளித்த மாதிரி மங்கும். வெளிச்சமான நிறத்தில் தொடங்கி நிழலை கிளேஸாக இறக்குவது எளிது, மறுதிசை கடினம்.

இரண்டையும் என் கேள்வியில் வைத்துப் பார்ப்போம். வெட் பிளெண்டிங் கெட்டால் உடனே தெரியும், பெரிதாகத் தெரியும். திருத்த ஒரே வழி முழுதும் காயவிட்டு அந்த மடிப்பை மறுபடி செய்வது. ஒவ்வொரு மறுபடியும் ஒரு தடித்த பூச்சு. கிளேசிங் சிறு சிறு துளியாகக் கெடும். ஒரு பூச்சு பிசகினால் ஈரப் பிரஷ்ஷால் துடைத்துவிடலாம், கவனிக்காமல் விட்டாலும் அடுத்த இரண்டு பூச்சில் அமுங்கிவிடும். ஆனால் போகும் திசையே தவறு என்பது ஐந்தாவது பூச்சில்தான் புரியும். நேரக் கணக்கில் ஒப்பீடே இல்லை. என் கைக்கு வெட் பிளெண்டிங்கில் ஒரு மணி நேரத்தில் முடியும் அங்கி, கிளேசிங்கில் இரண்டு மாலைகளைத் தின்னும்.

பொறுமை இல்லாதவருக்கு கிளேசிங் தண்டனை. கை நடுங்குகிறவருக்கும், நடுவில் எழுந்துபோக வேண்டிய வேலை உள்ளவருக்கும் வெட் பிளெண்டிங் தண்டனை. ஒரு பூச்சு முடிந்ததும் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு நாளைக்குத் தொடரலாம் என்பது கிளேசிங்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்களும் நிறைய. முரட்டுத்தனமாக ஈரத்தில் கலந்துவிட்டு, எல்லைகளை மட்டும் கிளேஸால் நெகிழ்த்துவார்கள். நியாயமான வழிதான், ஆனால் அதற்கும் கிளேஸ் கைவந்திருக்க வேண்டுமே.

இரண்டு பிரஷ் முறையும் உண்டு. ஒன்றில் வண்ணம் வைத்து, ஈரமான இன்னொன்றால் அதன் ஓரத்தைக் கரைத்துவிடுவது. இதில் இரண்டாவது பிரஷ்ஷை நாக்கில் தொட்டு ஈரமாக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. எச்சிலின் பதம் தண்ணீருக்கு வராது என்று சத்தியம் செய்வார்கள். காட்மியம், கோபால்ட் நிறமி உள்ள ஓவிய வண்ணங்களை எடுக்கும் நாளில் தெரியாமல் அதையும் நக்கிவிடுவோம் என்பதால் நான் அந்தப் பழக்கத்துக்கே போகவில்லை.

தோள் கவசம்

உலோகத்தைக் காட்ட இரண்டு கட்சிகள். ஒரு கட்சி மைக்கா போன்ற மினுக்குத் துகள் கலந்த உலோக வண்ணத்தைப் பூசும். மறு கட்சி மினுக்கே இல்லாமல் சாம்பல், நீலம், வெள்ளையை வைத்தே இரும்பு பளபளப்பது போல் கண்ணை ஏமாற்றும். இரண்டாவதற்கு என்எம்எம் (நான்-மெட்டாலிக் மெட்டல், அதாவது உலோக வண்ணமில்லாத உலோகம்) என்று பெயர், படங்களில் பார்த்தால் மூச்சு நிற்கும்.

நான் பாழாக்கிய இரண்டில் ஒன்று இதில்தான். கவசத்தில் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை அழகாக, மெதுவாக மாற்றினேன். முடிவில் கிடைத்தது வழவழப்பான கல். உலோகம் அப்படி நடந்துகொள்ளாது. அதில் மிகப் பளிச்சென்ற இடத்துக்கு ஒட்டினாற்போலவே மிக இருண்ட இடம் வரும். ஒரு எவர்சில்வர் கரண்டியின் முதுகைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் புரிந்துவிடும். அதாவது இங்கே பிழை கையில் இல்லை, பார்வையில். திருத்துவது கடினமில்லை, எல்லாம் சாதாரண வண்ணம்தான், மேலே பூசலாம். எங்கே திருத்த வேண்டும் என்று தெரியாததுதான் கடினம். இன்னொரு குறை, தீட்டிய பளபளப்பு ஒரு கோணத்துக்கே பொருந்தும். கண்ணாடிப் பெட்டிக்குள் முன்பக்கம் காட்டி நிற்கும் பொம்மைக்குச் சரி. விளையாட்டு மேஜையில் நாலு பக்கமிருந்தும் பார்ப்பார்கள்.

உலோக வண்ணம் பொம்மையைத் திருப்பும்போது உண்மையாகவே மின்னும். அதை அப்படியே விட்டால் தட்டையாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் நிழல் பக்கத்தில் மினுக்கில்லாத கறுநீலத்தை கிளேஸாக ஏற்றினால் அங்கே பளபளப்பு செத்து, மேலே மட்டும் உயிரோடு இருக்கும். அந்த ஒரு மாற்றத்துக்கே கவசம் எழுந்து நிற்கிறது. பிரஷ் கழுவும் தண்ணீரை மட்டும் உடனே மாற்றுங்கள். மறந்தால் அடுத்து தீட்டும் முகத்தில் ஜிகினா தூவியிருக்கும்.

கிளேஸ் பழகாமல் என்எம்எம்முக்குப் போவது, நடை பழகாமல் கம்பியில் நடப்பது. இப்போதைக்கு மினுக்கு வண்ணமே.

விளக்கொளி, ஏர்பிரஷ்

கோலில் தொங்கும் விளக்கிலிருந்து ஒளி பரவி முகத்திலும் அங்கியிலும் விழுவதாகக் காட்டுவது பெரிய ஆசை. ஒளியின் வலு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். இரண்டு மடங்கு தள்ளியிருக்கும் இடத்துக்குக் கால் பங்குதான் போய்ச் சேரும். விளக்கை நோக்கித் திரும்பிய பரப்பில் மட்டுமே விழும். மற்ற இடமெல்லாம் இருண்டிருந்தால்தான் நம்ப முடியும். இதையெல்லாம் மறந்து மஞ்சளைப் பரப்பினால் விளக்கு உடைந்து எண்ணெய் கொட்டிய மாதிரி ஆகும். அதைவிட எனக்குப் பயம் வேறு. இது பெரும்பாலும் கடைசியில் செய்கிற வேலை. இரண்டு மாலை உழைத்த அங்கியின் மேல் கடைசி அரை மணியில் சூதாட மனம் வரவில்லை.

காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கம்ப்ரஸர், 0.3 மில்லிமீட்டர் முனை, முகமூடி, காற்றோட்டம் எல்லாம் அமைத்த பிறகு டிராகன் சிறகுக்கோ ஒரு படைக்கே அடிவண்ணம் அடிக்கவோ அதற்கு நிகரில்லை. ஒரே ஒரு மந்திரவாதிக்காக என்றால் தீட்டும் நேரத்தைவிடக் கழுவும் நேரம் அதிகம்.

பாறைக்கு எண்ணெய் வாஷ்

இதை நான் கடைசியாகத்தான் யோசித்தேன், ஆனால் என் கேள்விக்கு மிக நல்ல பதில் சொன்னது இதுதான். அக்ரிலிக் வேலை காய்ந்ததும் அதன்மேல் பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ். அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு, எண்ணெய் வண்ணத்தை ஒயிட் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் கரைத்துத் தாராளமாகப் பூசினால் விரிசல்களில் தானாக ஓடி இறங்கும். அரை மணி கழித்து மேக்கப் ஸ்பாஞ்சாலோ காதுக் குச்சியாலோ மேடுகளைத் துடைத்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் நிற்கும். பிடிக்கவில்லையா? ஸ்பிரிட் தொட்ட குச்சியால் மொத்தத்தையும் துடைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம், கீழே உள்ள அக்ரிலிக்கை வார்னிஷ் காப்பாற்றும். அரை மணி கழித்தும் மனம் மாற இடம் தருகிற உத்தி இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். வார்னிஷ் அடிக்காமல் பளபளப்பில்லாத பரப்பில் நேரே பூசினால் மட்டும் கறை ஊறிப் பிடித்துக்கொள்ளும்.

விலையாகக் கேட்பது காத்திருப்பு. எண்ணெய், நீரைப் போல ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். ஒரு நாளும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். பர்ன்ட் அம்பர் கொஞ்சம் சீக்கிரம் காயும், அந்த மண்ணில் இயல்பாக உள்ள மாங்கனீசு காய்வதை விரைவுபடுத்துகிறது. நல்லவேளையாகப் பாறைக்கு வேண்டியதும் அதே பழுப்புதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள். துடைத்த துணியையும் காகிதத்தையும் கசக்கிக் குப்பையில் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். எண்ணெய் வண்ணத்திலுள்ள ஆளி எண்ணெய் ஊறிய துணி குவிந்து கிடந்தால் தானே சூடாகித் தீப்பற்றவும் கூடும்.

எதன்மேல் சோதிப்பது என்பதற்கும் மூன்று வழி சொல்வார்கள். பிளாஸ்டிக் கரண்டிக்குப் பிரைமர் அடித்துப் பழகலாம். நிறமாற்றம் பழக நல்லது, ஆனால் கரண்டிக்கு மடிப்பு கிடையாது. மந்திரவாதியிலேயே இறங்கலாம், துணிச்சல்காரர்களுக்கு. நான் எடுத்தது முதல் வருடத்தில் தீட்டிய, பார்க்கவே கூச்சமாக இருக்கும் ஒரு கோப்ளினை, அதாவது ஒரு குட்டிப் பூதத்தை. முதுகில் கந்தல் போர்வை இருக்கிறது, மடிப்பு உண்டு, கெட்டால் கண்ணீர் வராது. புதிய உத்தி என்றால் வண்ணமும் பிரஷ்ஷும் பழசாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நேற்று கோப்ளின் போர்வையில் ஒன்பது பூச்சு கிளேஸ் ஏற்றினேன். மூன்றாவதில் ஓரத்தில் ஒரு வளையம் விழுந்தது, ஏழாவதில் அது எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அதோடு கணக்கு தீர்ந்தது. மந்திரவாதியின் அங்கிக்கு கிளேஸ், பைகளுக்கு காண்ட்ராஸ்ட், தோளுக்கு மினுக்கு வண்ணமும் கறுநீலமும், பாறைக்கு எண்ணெய் வாஷ். கோப்ளினில் ஒத்திகை பார்த்தது கிளேஸ் என்பதால் அது முதலில். எண்ணெய் கடைசியில், எல்லாம் வார்னிஷுக்குள் போன பிறகு. விளக்குக்கு மஞ்சள் பூசி, அணைந்த விளக்கு என்று சொல்லிக்கொள்ளப் போகிறேன்.

இன்று இரவு அங்கியின் முதுகுப்பக்க மடிப்பு. முன்பக்கத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.